மடியில் தூங்குகிற நரிக்குட்டி

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வேளாண்மை வெட்டு முடிகிற நேரம், வெட்டு மெசின் வாய்க்கால் கட்டோரம் திரும்பும்போது ஒரு பொந்து இடிந்து இரண்டு குட்டிகள் வெளியே வந்திருக்கின்றன. நாய்க்குட்டி என்று நினைத்துத்தான் தூக்கினார்களாம், பிறகு வயலைப் பார்த்துக்கொள்கிற முல்லைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு நரிக்குட்டி என்று சொல்லியிருக்கிறார். ஒன்றை இவர் உரப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், மற்றது கூட்டாளி வீட்டில். மூன்று நாளாகிறது. போத்தலில் பால் குடிக்கிறது, மடியில் தூங்குகிறது, தங்கச்சி பேரும் வைத்துவிட்டா. "வெளிநாட்டில் நாய் மாதிரி நரி வளர்க்கிறார்கள், வீடியோ எல்லாம் கிடக்கு. இதை வளர்க்கலாமா, என்ன சாப்பாடு, நாய்க்குப் போடுகிற ஊசி போடலாமா?" இதுதான் கேள்வி.

வளர்க்க வேண்டாம் தம்பி. ஒரு சொல்லில் பதில் அதுதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், மூன்று நாள் மடியில் தூங்கிய குட்டியை விடச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். நான் 25 வருடத்துக்கு மேல் கால்நடைத் துறையில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை மாட்டுப்பட்டிகளுக்குள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது என்ன மிருகம் என்று பார்ப்போம். வீடியோவில் வருகிற சிவப்பு உடம்பும் வெள்ளை வால்நுனியும் உள்ளது செந்நரி, ஐரோப்பா, அமெரிக்கா, ரஷ்யாப் பக்கம் இருப்பது. பெரிய காதோடு ஒன்றரைக் கிலோ அளவே வருகிற குட்டி உருவம் ஒன்று வருமே, அது சகாராப் பாலைவனத்து ஃபெனெக் நரி. இந்த இரண்டும் இலங்கைக் காட்டில் இல்லை. தமிழ்நாட்டு வறண்ட நிலத்தில் ஓடுகிற குள்ளநரிகூட இங்கே கிடையாது. எங்கள் நரி வேறு சாதி, பொன்னிற நரி என்று எழுதுவார்கள். நாய்க் குடும்பத்தில் இலங்கைக் காட்டில் வாழ்கிறது இது ஒன்றேதான். விஞ்ஞானப் பெயரிலும் எங்கள் சொல்லே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கானிஸ் ஆரியஸ் நரியா. (அந்தப் பெயரை முதன்முதல் பார்த்தபோது நான் தனியே இருந்து சிரித்தேன்.)

இது சும்மா பெயர்த் தகராறு இல்லை. நாய்க்கு நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 78. எங்கள் நரிக்கும் 78. செந்நரிக்கு 34. அதாவது எங்கள் நரி நாய்க்குச் சொந்தக்காரன், நாயோடு சேர்ந்தால் குட்டியும் போடும். வீடியோ நரி தூரத்து உறவு, நாயோடு சேர்ந்து குட்டி போட வழியில்லை. "அப்படியென்றால் எங்கட நரியைப் பழக்குவது இன்னும் லேசுதானே" என்று கேட்பீர்கள். ரஷ்யாவில் கிளிம் சுலிமோவ் என்பவர் இதைத்தான் செய்து பார்த்தார். பொன்னிற நரியை லைக்கா இன நாயோடு கலந்து, மொஸ்கோ ஷெரெமெத்தியேவோ விமான நிலையத்தில் மோப்பம் பிடிக்கிற வேலைக்கு ஒரு கலப்பினத்தை உருவாக்கினார், மூக்கு நாயைவிடக் கூர்மை என்பதற்காக. ஆனால் நேர்ப் பாதி நரியாகப் பிறந்த முதல் தலைமுறையைப் பழக்குவது பெரும் பாடாக இருந்தது. திரும்பவும் நாயோடு கலந்து, கால் பங்கு நரி இரத்தம் என்று இறக்கிய பிறகுதான் வேலைக்கு ஆனது. அரசாங்க விமானக் கம்பனி, நாய் பழக்குகிற நிபுணர்கள், பல வருட உழைப்பு, இவ்வளவும் இருந்தே பாதி நரியோடு அவ்வளவு கஷ்டம். உங்கள் மடியில் தூங்குவது முழு நரி.

அடுத்து, எல்லாரும் காட்டுகிற அந்த ரஷ்ய வளர்ப்பு நரிகள். அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். 1959இல் நோவோசிபிர்ஸ்க் பக்கம் டிமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் விஞ்ஞானி தொடங்கிய பரிசோதனை அது, லுட்மிலா துரூத் என்ற பெண் விஞ்ஞானி ஆரம்பம் முதல் கூட இருந்தார், 1985இல் பெல்யாயெவ் இறந்த பிறகும் அதை அவர் விடவில்லை. காட்டு நரியைப் பிடித்து வந்து பழக்கினார்கள் என்று நினைக்காதீர்கள். தோலுக்காகப் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்த வெள்ளிநரிகளை (செந்நரியிலேயே ஒரு நிற வகை) எடுத்தார்கள், அவற்றின் பாட்டன் பூட்டன் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளில் இருந்து வந்தவை. ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டால் ஆகப் பயம் குறைந்த குட்டிகளை மட்டும் எடுத்தார்கள். ஆண் குட்டிகளில் நூற்றுக்கு நாலு ஐந்து, பெண்ணில் நூற்றுக்கு இருபது, மற்றதெல்லாம் கழிவு. அப்படிக் கழித்துக் கழித்துப் பத்தாவது தலைமுறைக்கு வந்தபோதும், தானாக ஓடி வந்து மோந்து நக்கி வாலாட்டுகிற ரகம் நூற்றுக்கு 18தான். இருபதாவது தலைமுறையில் 35. நாற்பது வருடம் போன பிறகுதான் எழுபது எண்பது என்று வந்தது.

இன்னொன்றும் செய்து பார்த்தார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மூர்க்கமான நரியின் கருவை எடுத்துப் பழகிய நரியின் வயிற்றில் வைத்தார்கள். பழகிய தாய் பெற்று, பழகிய தாயே பால் கொடுத்து வளர்த்தது. குட்டி என்ன குணத்தோடு வந்தது என்று நினைக்கிறீர்கள்? மூர்க்கமாகத்தான். நீங்கள் கொடுக்கிற போத்தல் பாலும் தங்கச்சி காட்டுகிற அன்பும் எந்தளவுக்கு எடுபடும் என்று இதில் இருந்து கணக்குப் பாருங்கள்.

"ஆனால் இப்பவே மடியில் தூங்குதே" என்றால், அதற்கும் அந்தப் பரிசோதனையிலேயே பதில் இருக்கிறது. தெரிந்தெடுக்காத சாதாரணக் குட்டி நரிக்குப் புதியதைக் கண்டு பயப்படுகிற குணம் ஆறாவது கிழமையில் வருகிறது, அதற்கு முதல் எதுவும் அதற்குச் சொந்தம்தான், மடி, போத்தல், நாய், எல்லாம். பழகிய பரம்பரைக் குட்டிகளில் அந்தப் பயம் ஒன்பது கிழமை வரை தள்ளிப்போனது. நாயில் இன்னும் தள்ளிப்போகும். உங்கள் குட்டி எத்தனை கிழமை? பல் எட்டிப் பார்க்கிறது, நடை தள்ளாடுகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்று நாலு கிழமைதான் இருக்கும். அது உங்களிடம் பழகிவிட்டதால் மடியில் தூங்குகிறது என்று எண்ணாதீர்கள், பயம் என்ற ஒன்று அதற்கு இன்னும் பிறக்கவில்லை.

கோயிலில் கதை கேட்டிருப்பீர்கள், மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரியைப் பரியாக்கிய கதை. பகலில் பாண்டியன் லாயத்தில் அழகான குதிரையாக நின்றவை, இரவானதும் திரும்ப நரியாகி, கட்டியிருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிட்டன. இறைவனே செய்த வேலை ஒரு பகல்தான் நின்றது என்று என் அம்மம்மா சொல்லிச் சிரிப்பா.

நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். என்னுடைய மாமா ஒருவர், இப்போது இல்லை, கரடியனாற்றுக்கு அங்கால் வாடி (சின்னக் குடில்) அடித்துக் காவல் இருந்தவர். அவரும் ஒரு குட்டி வளர்த்தார். அவருடைய நாய் அந்த நேரம் குட்டி போட்டிருந்தது, அதன் மடியிலேயே இதையும் விட்டு வளர்த்தார். முதல் இரண்டு மாதம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும், மாமா மண்வெட்டியைத் தூக்கினால் பின்னாலேயே போகும். சிரட்டையில் கருவாட்டுத் தலை போட்டால் மற்றக் குட்டிகள் அந்த இடத்திலேயே தின்னும், இது மட்டும் கவ்விக்கொண்டு அடுப்புச் சாம்பல் குவியலுக்குப் போய், முன்காலால் கிண்டி, தலையை வைத்து, மூக்கால் சாம்பலைத் தள்ளித் தள்ளி மூடும். மூடிவிட்டு நிமிர்ந்து பார்க்கும், மூக்கெல்லாம் வெள்ளை. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஏழு எட்டு மாதத்தில் சிரிப்பு போய்விட்டது. பாயில் பெய்தது, தலையணையில் பெய்தது, அரிசிச் சாக்கில் குறிவைத்துப் பெய்தது. நாய் மூத்திரம் மாதிரி கழுவினால் போகிற மணம் இல்லை, வாடிக்குள் நுழையும்போதே மூக்கில் அடிக்கும். கைக்கு வருவதை நிறுத்தியது. சிரட்டைக்குக் கிட்டப் போனால் காதைப் பின்னுக்குப் படுக்க வைத்து, உதட்டோரத்தை லேசாக இழுத்து, ஒரு சத்தமும் போடாமல் நிற்கும். நாய் என்றால் உறுமிக் காட்டும், நாங்கள் விலகுவோம். இது உறுமவில்லை, மாமாவின் பெருவிரலைப் பிடித்தது, எலும்பு வரை. அதற்குப் பிறகு சங்கிலி. பொழுது சாய ஆற்றுக்கு அங்கால் இருந்து நரிக்கூட்டம் ஊளையிடத் தொடங்கினால், சங்கிலி போகிற அளவுக்குப் போய், கழுத்து இறுக நின்று, அதுவும் மூக்கை உயர்த்திப் பதில் சொல்லும். முடிகிற வரை படுக்காது.

கடைசியில் மாமா மனம் கேட்காமல் அவிழ்த்துவிட்டார். அது செய்யக்கூடாத வேலை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. காட்டு நரிகள் அதைச் சேர்க்கவில்லை, அதற்கு மனிதரிடம் பயமும் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பட்டப்பகலில் ஒரு வீட்டு வளவுக்குள் சாவகாசமாக நடந்து போயிருக்கிறது, யாரோ தீன் போடுவார்கள் என்று நினைத்ததோ என்னவோ. பகலில் வளவுக்குள் வருகிற நரியைக் கண்டால் ஊர் என்ன நினைக்கும்? விசர் நரி என்று அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை, நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் பொல்லைத்தான் எடுத்திருப்பேன். "மனே, அத நான் அந்தப் பொந்திலேயே விட்டிருக்கோணும்" என்று மாமா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார்.

விசர் என்று வந்துவிட்டது, அதைப் பேசாமல் மற்றதைப் பேசிப் பிரயோசனம் இல்லை. இந்த நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் இப்போதும் ஆண்டுக்கு 20, 30 பேர் அளவில் இறக்கிறார்கள். பெரும்பாலும் நாயால்தான், ஆனால் நரிக்கும் அதே விசர் பிடிக்கும், நரியில் இருந்து மாட்டுக்கும் மனிதருக்கும் வரும். குறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. கிருமி உடம்பில் நுழைந்து குறி தெரிய பொதுவாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், ஒரு கிழமையிலும் வரலாம், ஒரு வருடமும் போகலாம். அதனால் உங்கள் குட்டி இப்போது துள்ளி விளையாடுகிறது என்பது ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை. நாயோ பூனையோ கடித்தால் கட்டி வைத்துப் பத்து நாள், பதினாலு நாள் பார் என்பார்கள், அந்தக் காலக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் ஆராய்ந்து வைத்தது. நரிக்கு அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

ஊசி கேட்டிருந்தீர்கள். நாய்க்குப் போடுகிற விசர் ஊசி நாயிலும் பூனையிலும் சோதித்து அனுமதி எடுத்தது. காட்டு மிருகத்துக்குக் குத்தலாம் என்று அனுமதி பெற்ற விசர் ஊசி அமெரிக்காவில்கூட இல்லை. அங்கே செல்லமாக வளர்த்த நரி யாரையாவது கடித்தால், ஊசி போட்டிருந்தாலும் போடாததாகத்தான் கணக்கு, கொன்று மூளையைச் சோதிப்பதுதான் வழக்கமான வழி. வீடியோவில் அதைக் காட்டமாட்டார்கள். நாய்க்கு வருகிற டிஸ்டெம்பர் என்ற நோய்க்கான ஊசியும் அப்படித்தான், கிருமியை உயிரோடு பலவீனப்படுத்திச் செய்த சில ஊசிகள் சில நரியினங்களுக்கு அந்த நோயையே கொடுத்திருக்கின்றன. ஐரோப்பாவில் காட்டு நரிகளுக்கு விசர்த் தடுப்பு மருந்து கொடுத்தது உண்மைதான். 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைக்குள் மருந்தை வைத்துக் காட்டில் போட்டுத் தொடங்கினார்கள், அதில் வெற்றியும் கண்டார்கள். அருமையான வேலை. ஆனால் அது காட்டில் ஓடுகிற நரிக்கூட்டத்தில் நோய் பரவாமல் தடுக்கிற ஏற்பாடு, வீட்டு நரிக்கு உத்தரவாதம் கொடுக்கிற ஏற்பாடு இல்லை.

அதனால் இதை முதலில் செய்யுங்கள், மற்றதைப் பிறகு வாசியுங்கள். இந்த மூன்று நாளில் குட்டி யாரையாவது பல்லால் பிராண்டியதா, காயமுள்ள கையை நக்கியதா, தங்கச்சி அதை முகத்தோடு வைத்துக் கொஞ்சினாவா? ஆம் என்றால், அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள், மிளகு, சுண்ணாம்பு, எண்ணெய் ஒன்றும் வேண்டாம். மந்திரம் ஓதிப் பார்வை பார்க்கிறவர்களிடம் போகவும் வேண்டாம். நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் "நாய்க்குட்டி" என்று மழுப்பாமல் "நரிக்குட்டி" என்று சொல்லுங்கள், ஊசிக்குக் காசு எடுக்கமாட்டார்கள். கடித்திருந்தால் குட்டியை விடுவதா வைத்திருப்பதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்காமல் எதுவும் செய்யவேண்டாம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இருந்து இருக்கிறது, பல தடவை திருத்தியிருக்கிறார்கள், காட்டு மிருகத்தைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது வனசீவராசிகள் திணைக்களத்தோடு வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. நரிக்குட்டியோடு படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவது இன்னும் வம்பு. ஃபெனெக் நரியை வெளிநாட்டில் இருந்து இறக்கலாம் என்று கனவு காண்கிறவர்களுக்கும் ஒரு சொல், அது காட்டு உயிர்கள் பற்றிய சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் (CITES) இரண்டாம் பட்டியலில் உள்ள மிருகம், பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு நாடு நகர்த்த முடியாது. பத்திரம் எடுத்தாலும், இரவெல்லாம் விழித்திருந்து குழி தோண்டுகிற பாலைவனத்து உயிரை அறைக்குள் பூட்டி என்னத்தைக் காணப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு ஆபத்து ஊருக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் நரி வைத்திருப்பது தெரிந்தால் நரிக்கொம்பு கேட்டு ஆள் வரும், சிரிக்காதீர்கள், வரும். நரிக்கூட்டத் தலைவனின் மண்டையில் அரை அங்குலக் கொம்பு முளைக்கும், அது கையில் இருந்தால் வழக்கு வெல்லும், நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கை இந்தத் தீவில் வெள்ளைக்காரர் காலத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்றே நரியைக் கொல்கிறவர்கள் உண்டு. என்னிடமும் ஒருவர் காணி வழக்குக்காக, "சேர், செத்த நரி அகப்பட்டால் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். படித்த மனிதர். வழக்கு இன்னும் நடக்கிறது.

வளர்க்கத்தான் கூடாதே தவிர, நரி ஊருக்கு எதிரி என்று நான் சொல்லவில்லை. கோழி பிடிக்கும், ஆட்டுக்குட்டி பிடிக்கும், பட்டியில் அன்றைக்குப் போட்ட கன்றையும் விடாது, அதெல்லாம் உண்மை. ஆனால் வயல் வட்டைக்குள் இரவில் அது தேடித் திரிவது பெரும்பாலும் எலியும் நண்டும். வரம்பைத் துளைக்கிற நண்டால் தண்ணீர் நிற்காமல் திண்டாடுகிறவர்களுக்கும் கதிர் விளைந்த பிறகு எலியால் இழக்கிறவர்களுக்கும் அதன் பெறுமதி தெரியும். செத்த மாட்டை இரண்டு இரவில் துப்புரவாக்குவதும் அதுதான். பாலைப்பழக் காலத்தில் மரத்தடியில் விழுந்த பழத்தையும் பொறுக்கித் தின்னும். "நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி" என்று பழையவர்கள் சொன்னது நல்ல ஏற்பாடு. அது அதன் வழியே போகட்டும்.

சரி, கடி ஒன்றும் இல்லை என்றால் இன்றைக்குச் செய்யவேண்டியது. நரி சோடியாக வாழ்கிற மிருகம், தாயும் தகப்பனும் சேர்ந்து தின்றதைக் கக்கிக் குட்டிக்கு ஊட்டும், முந்தின ஈற்றுக் குட்டி ஒன்றும் கூட நின்று உதவும். ஆபத்து என்று கண்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு பொந்துக்கு மாறும். ஆகவே மூன்று நாள் ஆனாலும் நம்பிக்கையை விடத் தேவையில்லை. பசும்பாலும் பால்மாவும் இனிக் கொடுக்கவேண்டாம், வயிற்றால் போய் ஒரு நாளில் வாடிவிடும். பல் வந்திருப்பதால் அவித்த முட்டை மஞ்சள் கருவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொடுக்கலாம். வெறுங்கையால் தூக்காமல் தடித்த துணியால் பிடியுங்கள். பொழுது சாய முதல், அந்த இடிந்த பொந்துக்குக் கிட்ட, வெயிலும் தண்ணீரும் படாத இடத்தில், குட்டியால் ஏறி வர முடியாத, ஆனால் தாயால் எட்டிக் கவ்வ முடிகிற உயரமுள்ள ஒரு பெட்டியில் வையுங்கள், மூடி வேண்டாம். வைத்துவிட்டு வட்டையை விட்டே விலகுங்கள், நாயைக் கூட்டிப் போகவேண்டாம், டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், அந்த வெளிச்சத்தைக் கண்டால் தாய் கிட்டவே வராது. விடிய ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பெட்டி வெறுமையாக இருந்தால் காலடியைப் பாருங்கள், சேற்றில் நல்லாகத் தெரியும். குட்டி அங்கேயே கிடந்தால் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து அவர்களிடம் கொடுங்கள்.

கூட்டாளி கொண்டுபோன மற்றக் குட்டியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால்தான் நல்லது, ஒன்றின் முனகலுக்கு மற்றது குரல் கொடுக்கும், தாய்க்கும் தேடிப் பிடிக்க லேசு. அவருடைய வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அது யாரையாவது கடித்ததா என்று இப்போதே போன் எடுத்துக் கேளுங்கள், பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.